கலை கம்ப்யூட்டர்ஸின் முதல் போணி

மழை அவனைத் துரத்திக்கொண்டு வந்தது.

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து ஓடிவந்த சகாய பிரவீன், கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தான். உள்ளே ஊதுபத்தி வாசனை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் மேல் சந்தனமும் குங்குமமும். பக்கத்துத் தட்டில் உடைத்த தேங்காய்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"வாங்கண்ணா... இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். மழை நிக்கட்டும், போயிடறேன்."

அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாயின.

"இன்னைக்கி காலையிலதான் கடையே தொறந்தேன். மொத ஆளு நீங்க. ஒண்ணும் வாங்காம போனீங்கன்னா என் பொழப்பே பேஜாராயிடும்."

"மழைக்கு ஒதுங்கினது ஒரு குத்தமாங்க?"

"ஒதுங்கறவங்க வெளிய ஷீட்டுக்குக் கீழ நிக்கணும். வாசப்படி தாண்டிட்டா கஸ்டமர்."

பிரவீன் திரும்பிப் பார்த்தான். வெளியே தகரத்துக்குக் கீழ் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. சட்டம் தெரிந்த ஆடு...

"ஓனரக் கூப்புடுங்க. நான் அவருகிட்ட பேசிக்கறேன்."

"பேசுங்க."

"எங்க அவரு?"

"உங்க எதிர்லதான் உக்காந்துக்கினு இருக்காங்க."

அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் ஒரு மவுஸ் வாங்கினான். அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றி, கம்ப்யூட்டர் முன்னால் வைத்தாள். அப்போதுதான் சிரித்தாள்.

"உங்க ஊட்டு சிஸ்டத்துக்கு நல்லா செட் ஆவும்."

தலையாட்டினான். முகையூரில் அவன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதைச் சொல்ல மனம் வரவில்லை... அந்தச் சிரிப்புக்கு எதிரில் எப்படிச் சொல்வது?

அவள் பெயர் கலைமதி. ஊர் திருவெண்ணெய்நல்லூர். திண்டிவனத்தில் டிப்ளமோ முடித்தவள். வேலைக்குப் போகமாட்டேன், கடை வைப்பேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அவள் அப்பா சீனுவாசன், கரும்பு வெட்டிய கையோடு கடைக்கு முன்பணம் கொடுத்தார். பெண் பிள்ளைக்கு எதற்குக் கடை என்று கேட்ட உறவுக்காரர்களிடம், "அது கேட்டுது, குடுத்தேன்" என்றாராம். அவ்வளவுதான்.

இதெல்லாம் பிரவீனுக்குப் பிறகு தெரிந்தது. அவன் அப்போது திண்டிவனத்தில் கல்லூரியில் கடைசி வருடம். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க... மவுஸ்காரரே!"

அண்ணா காணாமல் போயிருந்தது. அவன் அதைக் கவனித்தான்.

"உங்க கை ராசியான கைங்க. நீங்க போணி பண்ணதுலேந்து கூட்டம் தாங்கல. திங்கக்கெழம திங்கக்கெழம வந்து மொத போணி பண்ணிட்டுப் போங்களேன்."

போனான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனான். ஒரு மவுஸ். ஒரு கீபோர்டு. ஒருமுறை எதற்கென்றே தெரியாத ஒரு கேபிள். வாங்கிவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்புகளைப் பிரித்துப்போட்டு, அவள் தூசியை வாயால் ஊதுவாள். முன்நெற்றி முடி பறக்கும்.

"போன வாரம்தான மவுஸ் வாங்கினீங்க?"

"கெட்டுப்போச்சு."

"என் கடை மவுஸா? கொண்டாங்க, பாத்துடலாம்."

"வேணாம்... பொதைச்சிட்டேன்."

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வேறு ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். காலை நேரம், அதனால் என்று அவன் நினைத்தான்.

மனதில் இருப்பதை அவளிடம் சொல்லியிருக்கலாம்... ஆனால் வீட்டில் அம்மா அருள்ராணியின் ஜெபமாலை. இங்கே கம்ப்யூட்டருக்கும் குங்குமம். அவள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான். யாரிடமும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்தது. வேலை கிடைக்கவில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டான். திங்கட்கிழமைகளில் மட்டும் முகையூரிலிருந்து பஸ் ஏறினான்.

அவள் விழுப்புரத்தில் இரண்டாவது கடை போட்டாள். திறப்புக்கு முந்தைய நாள் அவனிடம் கேட்டாள்.

"விழுப்புரம் கடைய நீங்க பாத்துக்கறீங்களா? சம்பளம் எவ்ளோ வேணும்னு சொல்லுங்க."

சம்பளம்.

அந்த ஒரு சொல் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"யோசிச்சு சொல்றேன்."

"நாளைக்கி நீங்கதான் போணி. ஜல்தி வந்துருங்க... மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. காலையிலேயே விழுப்புரம் வந்துவிட்டான். கடைக்கு எதிர்ச்சாரியில், டீக்கடை ஓரம் நின்றான். தூறிக்கொண்டிருந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அவள் புடவையில் இருந்தாள். அவளைப் புடவையில் அவன் பார்த்ததே இல்லை... பக்கத்தில் புது வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அவள் அப்பாவாக இருக்க வேண்டும். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போகலாமா? சம்பளக்காரனாகவா? கைராசிக்காரனாகவா?

எதுவாகவாவது போய்விடலாம் என்றுதான் காலை எடுத்து வைத்தான். அப்போது கடைக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெளியே வந்தார். பெரியவர் அவரைக் கும்பிட்டு வழியனுப்பினார்.

போணி ஆகிவிட்டது.

இனி அவன் கை எதற்கு? மிச்சம் இருப்பது சம்பளம் மட்டும்தான். சென்னைப் பேருந்து வந்தது. கையைக் காட்டினான். நின்றது. ஏறிவிட்டான்.

அவள் பலமுறை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. பிறகு எண்ணை மாற்றினான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி. ஷிப்ட். அறை. வருடங்கள் போயின. சொல்வதற்கு அவற்றில் எதுவும் இல்லை.

இந்த ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான். பஸ் திண்டிவனத்தில் பழுதாகி நின்றது. நல்ல மழை. எல்லோரோடும் இறங்கி ஓடினான். ஒரு தகரக் கூரைக்குக் கீழே நின்று முகத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தான்... கலை கம்ப்யூட்டர்ஸ். போர்டில் நிறம் போயிருந்தது.

"உள்ள வாங்கண்ணா, நனையறீங்க."

அவள் தலை நிமிராமல் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

அதே கண்கள். அவற்றுக்குக் கீழே புதிதாகக் கருவளையம். கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும். ஸ்க்ரூ டிரைவர் கையில் அப்படியே நின்றது.

"நல்லா இருக்கியா கலை?"

"இருக்கேங்க."

"விழுப்புரம் கடை?"

"ஆறு மாசம் கூட ஓடல. மூடிட்டேன்."

"ஏன்? அன்னைக்கி நல்லாதான போணி ஆச்சு... வெள்ளச் சட்டை போட்டுக்கினு ஒருத்தர் வந்துட்டுப் போனாரே."

அவள் மெல்ல எழுந்தாள்.

"அப்போ... வந்தீங்களா நீங்க?"

"எதிர்ல நின்னேன்."

"எதிர்ல நின்னீங்களா..."

அவள் சாலையைப் பார்த்தாள். பிறகு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள்.

"அவரு ஒரு ஸ்கூல் நடத்தறவரு. லேபு முழுசுக்கும் கம்ப்யூட்டர் கேட்டு வந்தாரு. மொத போணி பண்ண ஒருத்தர் வந்துக்கினு இருக்காரு, கொஞ்சம் பொறுத்து வாங்க சார்னு அனுப்பிட்டேன். போனவரு வரவேயில்ல."

"பைத்தியமா உனக்கு? யாராச்சும் அப்படி அனுப்புவாங்களா?"

"நான் மட்டுமா? எங்க அப்பாவும்தான். 'வரட்டும்மா அந்தப் பையன், முகையூர்லேந்து பஸ் கெடைக்க வேணாமா'ன்னு மத்தியானம் வரிக்கும் ரோட்டையே பாத்துக்கினு நின்னாரு."

"அவருக்கு என்னைத் தெரியுமா?"

"எல்லாம் சொல்லியிருந்தேன். நீங்க சர்ச்சுக்குப் போற ஊட்டுப் புள்ளைன்னும் சொன்னேன். 'நான் பேசறேன் அவங்க ஊட்ல'ன்னாரு. அன்னைக்கி உங்ககிட்ட பேசறதுக்குத்தான் புது வேட்டி கட்டிக்கினு வந்தாரு..."

பிரவீன் கேட்க வாயெடுத்தான். அதற்குள் சுவர் கண்ணில் பட்டது. மாலை போட்ட படம். புது வேட்டி. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தை மாசம் போயிட்டாரு. அந்தப் படம் அன்னைக்கி எடுத்தது. உங்களுக்காக ரோட்டப் பாத்துக்கினு இருக்கசொல்ல எடுத்தேன். அத விட்டா அவரு நல்லா சிரிச்ச படம் வேற இல்ல."

கும்பிட வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

"நீ சம்பளம்னு சொன்ன... அதான் எனக்கு..."

"பங்கு தரேன்னு சொல்லியிருந்தா, கைல காசில்லன்னு ஓடியிருப்பீங்க. வேற எப்பிடித்தான் உங்கள நிக்க வெக்கறது? எனக்குத் தெரியல. எனக்கும் அப்போ சின்ன வயசுதானங்க."

"என் கை ராசி கையின்னு சொல்லுவ. அதாலயே உன் கடை போச்சே."

அவள் சிரித்தாள். பாதியில் உடைந்த சிரிப்பு.

"ராசியா? நீங்க போணி பண்ண அன்னைக்கெல்லாம் ஈ காக்கா கூட வராதுங்க. மொத நாளே அப்பிடித்தான். ராத்திரி வரிக்கும் உங்க மவுஸ் ஒண்ணுதான் வித்துது."

"அப்புறம் ஏன் கூப்ட்ட?"

அவள் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு லேப்டாப் மீது விழுந்தது. முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.

சாலையில் பஸ் உறுமியது. சரிசெய்துவிட்டார்கள். நடத்துநர் விசில் அடித்தார். கூட ஒதுங்கியவர்கள் ஓடினார்கள்.

அவன் ஓடவில்லை.

"எங்க ஊட்ல கம்ப்யூட்டர் கெடையாது கலை. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

"அப்ப... வாங்கினதெல்லாம்?"

"அட்டப்பொட்டியில இருக்கு. ஒண்ணு கூடப் பிரிக்கல. மவுஸ் கேக்கத்தான் எனக்குத் தைரியம் இருந்துச்சு."

"இத அன்னைக்கி ரோட்டத் தாண்டி வந்து சொல்லியிருந்தா..." அவள் சுவரைப் பார்த்தாள். "எங்க அப்பா கேட்டிருப்பாருங்க."

அவன் நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தான்.

பஸ் போய்விட்டது. தகரத்தில் மழை கொட்டியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவன் இன்னும் வாசப்படிக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

"காலையிலேந்து போணி ஆவல..." என்றாள் மெதுவாக.

பிரவீன் செருப்பைக் கழற்றினான். வாசப்படியைத் தாண்டினான். கை பாக்கெட்டுக்குப் போகவில்லை.

"நான் ஒண்ணும் வாங்க வரல கலை. எப்பவுமே வாங்க வரல. உன்னத்தான் பாக்க வந்தேன்... உன்னப் புடிச்சிருந்துச்சு. இப்பவும்தான்."

அவள் அந்தப் பழைய பிளாஸ்டிக் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

சுவரில் அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.