கல்லுக்குத் தெரிந்த தட்டு

எல்லோரும் தட்டி முடித்த பிறகும் பாறை ஒரு தட்டு தட்டியது.

கனகா திரும்பிப் பார்த்தாள். வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளையும் பாறைகளையும் வேனில் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. யானைமலையில் தொடங்கி, அரிட்டாபட்டி பார்த்து, கொட்டாம்பட்டி தாண்டி என்றைக்கோ மூடிப்போன இந்தக் கிரானைட் குவாரியில் முடிப்பாள். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொடுப்பாள்.

"தட்டிப் பாருங்க சார். நல்ல கல்லுன்னா கணீர்னு கேக்கும். உள்ள விரிசல் இருந்தா சொத்துன்னு கேக்கும். உங்க வீட்டு வாசப்படி, கிச்சன் மேடை எல்லாம் இது பெத்த பிள்ளைகதான்."

சிரிப்பார்கள். அன்றும் சென்னைக்காரத் தம்பதி சிரித்தார்கள்.

லீவு என்பதால் மகள் தாமரைச்செல்வியும் வந்திருந்தாள். ஒன்பது வயது. கடைசியாகத் தட்டியவள் அவள்தான்.

"என்னடி தட்டுன?"

"நம்ம தட்டும்மா" என்றாள், பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டவளாக.

அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த தட்டு. புருஷன் இல்லாத வீடு. கனகா வேலைக்குக் கிளம்பினால் பிள்ளை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று என்றால் வெளியே நிற்பது அம்மா. உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டால் "வாரேன்" என்று அர்த்தம். வேறு யார் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது.

பாறை தட்டியதும் ஒரே ஒரு தட்டுதான்.

எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எல்லோரையும் வேனில் ஏற்றினாள். ஆனாலும் குவாரிப் பள்ளத்துப் பச்சைத் தண்ணீரின் பாசி வாடையும், மூக்கை அரிக்கும் கல்தூசியும், சாயங்கால வெயிலில் நீண்டு கிடந்த கல் வெட்டியெடுத்த பாறைச்சுவரின் நிழலும் மேலூர் தாண்டியும் கூடவே வருவது போலிருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டும் அந்த வாடை போகவில்லை.

ஒத்தக்கடையில் வேனை நிறுத்தச் சொல்லி மகளை வீட்டில் விட்டாள். பகலெல்லாம் வெயிலில் கிடந்த கிரானைட் வாசக்கல் காலுக்குச் சில்லென்றிருந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

"இவுகள ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துருதேன். நம்ம தட்டு கேட்டாத்தான் தொறக்கணும், என்ன?"

"தெரியும்மா. எம்புட்டு தடவ சொல்லுவ?"

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

தம்பதியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாட்டுத்தாவணியில் நெரிசல். பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்கு போன் பண்ற?"

கனகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் மாட்டுத்தாவணில இருக்கேன்டி. தொறக்காத."

"வெளாடாத. நம்ம தட்டுதான் கேக்குது. என்ன, கீழ இருந்து தட்டுற மாதிரி இருக்கு."

போனுக்குள் கேட்டது. வேகமாக இரண்டு. நிதானமாக ஒன்று.

"தொறக்காதடி! தாமர! அது அம்மா இல்லடி!"

பிள்ளை சிரித்தாள். அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தாள். ஒரு தட்டு. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தண்ணீர் சொட்டுவது மட்டும். மிக ஆழத்தில்.

"அண்ணே, ஓட்டுங்கண்ணே" என்று அலறினாள். டிரைவர் சிக்கந்தர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். எதிர்த் திசையில் ஏறி ஓட்டினார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கனகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திறக்கவில்லை. என் தங்கம் திறக்கவே இல்லை. காதில் கேட்டதெல்லாம் பிரமை. கதவைத் தட்டினாள். இரண்டு. ஒன்று.

பதில் இல்லை.

"நகருத்தா" என்று சிக்கந்தர் கதவை உதைத்தார். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டில் பாதி தின்ற தோசை. தரையில் போன், இணைப்பு துண்டிக்கப்படாமல். ஜன்னல்களில் கம்பி. பின்வாசல் கிடையாது. பிள்ளையும் இல்லை.

கனகா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது கேட்டது. அவளுக்கு அடியில். வாசக்கல்லுக்குள். சின்ன விரல் முட்டியால், வேகமாக இரண்டு. நிதானமாக ஒன்று.

அம்மா, கதவைத் திற.

கனகா குனிந்து கல்லில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது. பழக்கத்தில் கை தானாக ஒரு தட்டு தட்டியது.

வாரேன்.

உள்ளே தட்டு வேகமானது. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. கனகா இரண்டு கையாலும் கல்லைத் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.