அந்தப் பெயரை எழுதாதீங்க

வியாழக்கிழமை பின்னேரம் அந்த அழைப்பு வந்தபோது நிலக்ஷனா தன் தம்பி கெவினுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே, வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் ஒரு லயத்தில் அவர்களுடைய வீடு. அப்பா யேசுரத்தினம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். அம்மா றீட்டா கொழுந்து பறிக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் நான்கு வயதுக் கெவினைக் கூட்டி வருவதும், அம்மா மலையிலிருந்து வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதும் நிலக்ஷனாவின் பொறுப்பு. மழைக்காலத்தில் அம்மா போனை வேலைக்குக் கொண்டுபோவதில்லை. நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிடுவார்.

போன் சத்தம் போடாமல் வெளிச்சம் மட்டும் மின்னியதைக் கண்டு அவள் எடுத்தாள். பேசியவரின் குரல் மிகவும் இனிமையாக இருந்தது. அவர் முதலில் அவளுடைய பெயரைக் கேட்டார். பிறகு எந்த வகுப்பு என்று கேட்டார். ஆறாம் வகுப்பு என்றதும், தோட்டத்துப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கும் சிலருக்குப் பரிசுப் பணம் வந்திருப்பதாகவும் அதில் அவளுடைய பெயரும் இருப்பதாகவும் சொன்னார்.

நிலக்ஷனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெயரை இப்போதுதான் தானே சொன்னோம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பணம் போடுவதற்கு அம்மாவின் வங்கி அட்டையில் உள்ள இலக்கங்கள் வேண்டுமாம். அட்டை அலுமாரிக்குள் இருந்தது. அவள் அதை எடுத்து, முன்பக்கம் இருந்ததையும் பின்பக்கம் இருந்ததையும் வாசித்தாள். உடனே போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் வந்த இலக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். அதன் கீழே ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி இருந்தது. அவள் எழுத்துக் கூட்டத் தொடங்கும் முன்பே அவர் அவசரப்படுத்தினார். அவளும் இலக்கத்தை வாசித்துவிட்டாள்.

"கெட்டிக்காரப் பிள்ளை. அம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்க. காசு வந்ததும் அவங்களே பார்த்துச் சந்தோசப்படட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

கெவினுக்கு மட்டும் நிலக்ஷனா சொன்னாள். பரிசுப் பணத்தில் சைக்கிள் வாங்கலாமா என்று அவன் கேட்டான். சிவப்புச் சைக்கிளே வாங்கலாம் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பஸீல் நானா வந்தார். பதுளை நகரிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் அந்தத் தோட்டத்துக்கு வருகிறவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவார்கள். செவ்வாய் காலையும் சனி காலையும் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் சட்டியோடு பெண்கள் வெளியே வருவார்கள். பூனைகள் அதற்கு முன்பே வந்துவிடும்.

அன்று அம்மா மீன் வாங்கிவிட்டு, போனை அவரிடம் கொடுத்தார். சில நாட்களாகப் போனில் சத்தமே வருவதில்லை, யாராவது கூப்பிட்டாலும் தெரிவதில்லை என்றார். பஸீல் நானா கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, எதையோ அமுக்கித் திருப்பிக் கொடுத்தார். சத்தம் வந்தது. படம் பார்க்கும்போது கெவின் எதையாவது தட்டியிருப்பான் என்று சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு அப்பா கொழும்பிலிருந்து பேசினார். அடுத்த மாதத்துக்குள் அடுப்படிக் கூரையை மாற்றிவிட வேண்டும், தகரத்துக்குக் காசு போதுமா என்று பார்க்கச் சொன்னார். அந்தக் கூரைக்காக அவர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா போனில் கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காசு இல்லை. வெறும் சில்லறைதான் மிச்சம் இருந்தது.

அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டு லயமே வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அந்தோனியம்மா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, போனை யார் தொட்டது, நன்றாக நினைத்துப் பாருங்கள் என்று கேட்டார். அம்மா நிலக்ஷனாவைப் பார்த்தார்.

"பாப்பா, நீ யாருக்காவது போனக் குடுத்தியா?"

அந்த இனிமையான குரல் நிலக்ஷனாவின் காதில் திரும்பவும் கேட்டது. என்ன நடந்தது என்று முழுவதும் புரியவில்லை. ஆனால் எதுவோ தவறாக நடந்துவிட்டது, அதைத் தானே செய்துவிட்டோம் என்பது புரிந்தது. இத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் குடுக்கல. நேத்து பஸீல் நானாதான் கையில வச்சிருந்தாரு" என்றாள்.

பஸீல் நானா போனைக் கையில் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவுடன் எல்லோருடைய முகமும் மாறிய விதத்தை அவள் பார்த்தாள். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"அக்கா, அப்ப சைக்கிள் வராதா?" என்று கெவின் கேட்டான். அந்தச் சத்தத்தில் அவனை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை போயா நாள், பௌர்ணமி விடுமுறை. வங்கி மூடியிருந்தது. அந்த ஒரு நாளுக்குள் கதை லயம் லயமாக ஓடிவிட்டது. மீன்காரர் போனை வாங்கிக் காசை எடுத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அவர் எப்போதும் போனை எட்டிப் பார்ப்பார் என்று இன்னொருவர் சொன்னார். நிலக்ஷனாவுக்கு ஒரு வாய் சோறும் இறங்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா அன்பாகத் தொட்டது அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

செவ்வாய் காலை வங்கிக்குப் போக அம்மா வேலைக்கு லீவு போட்டார். நிலக்ஷனாவையும் கூட்டிக்கொண்டார். வங்கியில் சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் அவள்தான் பேசுவாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது பஸீல் நானாவின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறி வந்தது.

அவர் வழக்கம்போல ஹோர்ன் அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. திரும்பவும் அடித்தார். அந்தோனியம்மா மட்டும் வெளியே வந்து, இனிமேல் இந்த லயத்துப் பக்கம் வர வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்பதையும் சத்தமாகவே சொன்னார்.

பஸீல் நானா திகைத்துப்போய் நின்றார். பிறகு வழியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"நான் சத்தத்த மட்டும்தான் கூட்டிக் குடுத்தேன், தங்கச்சி. வேற ஒண்டும் செய்யல்ல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நிலக்ஷனா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள். மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வங்கியில் துஷாந்தினி என்ற அதிகாரி அவர்களை உட்காரச் சொன்னார். அவர் தமிழிலேயே பேசினார். அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, முதலில் அட்டையை நிறுத்தினார். பிறகு முறைப்பாட்டுத் தாளை எடுத்து, யார் மீதாவது சந்தேகம் இருக்கிறதா, பொலிசுக்கும் இதைக் கொடுக்க வேண்டி வரும் என்று சொன்னார்.

"எங்க பக்கம் மீன் விக்க வர்றவருங்க மிஸ். பஸீல்னு பேரு. அவரு கையிலதான் போன் இருந்துச்சு."

அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். முதல் எழுத்தை எழுதினார்.

நிலக்ஷனா அந்த எழுத்தையே பார்த்தாள். லயத்து வாசலில் சொன்ன ஒரு வார்த்தை இந்தத் தாளில் ஏறப்போகிறது. இங்கிருந்து பொலிசுக்குப் போகும். அங்கிருந்து பஸீல் நானாவின் வீட்டு வாசலுக்குப் போகும்.

"அந்தப் பேர எழுதாதீங்க, மிஸ்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அம்மாவும் திரும்பினார். நிலக்ஷனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு ஒண்ணுமே செய்யல. நான்தான் வியாழக்கிழம போன்ல நம்பர வாசிச்சேன். பரிசுன்னு சொன்னாங்க. பயத்துல பஸீல் நானா பேர சொல்லிட்டேன்."

அம்மா அவளைப் பார்த்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நிலக்ஷனா நினைத்தாள்.

அதிகாரி எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, போனில் அந்தப் பழைய குறுஞ்செய்தியைத் தேடி எடுத்தார். இலக்கத்தின் கீழே இருந்த ஆங்கில வரியை மெதுவாக வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இந்த இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதுதான் அந்த வரி. வியாழக்கிழமையே காசு யாரோ ஒருவருடைய போன் கணக்குக்குப் போயிருந்தது. காசு போனதாக வந்த செய்தியும் அதன் கீழேயே இருந்தது. போனில் சத்தம் இல்லாததால் அது வந்தது யாருக்கும் தெரியவில்லை.

"அன்னைக்கே எங்களுக்கு போன் எடுத்திருந்தா நிறுத்தப் பார்த்திருக்கலாம். வங்கி மூடியிருந்தாலும் இந்த நம்பர்ல எந்நேரமும் ஆள் இருப்பாங்க" என்று அதிகாரி சொன்னார். அட்டையின் பின்னால் இருந்த தொலைபேசி இலக்கத்தையும் காட்டினார். காசு போன இடத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை மறிக்கச் சொல்வதாகவும், திரும்பக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதித் தூரம் வந்த பிறகு நிலக்ஷனாவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காசு போனா போகுது. ஆனா அந்த மனுசன் மொகத்த நான் எப்படிப் பார்ப்பேன்" என்றார்.

நிலக்ஷனா அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் யோசித்தாள். பஸீல் நானாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. அவள் சொன்னதை லயமே கேட்டது. அதைத் திருப்பிச் சொல்வதையும் எல்லோரும் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை பள்ளிக்கூடச் சீருடையோடு அவள் பெரட்டுக் களத்துக்குப் போனாள். வேலைக்குப் போகும் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்பதை அங்கேதான் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கங்காணி கேட்டார். ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றாள். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார்.

குரல் முதலில் சரியாக வரவில்லை. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். அழைப்பு வந்ததைச் சொன்னாள், இலக்கத்தை வாசித்ததைச் சொன்னாள், பயத்தில் பஸீல் நானாவின் பெயரைச் சொன்னதையும் சொன்னாள்.

அந்தோனியம்மா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு பெண் தனக்கும் போன வாரம் அப்படி ஒரு அழைப்பு வந்தது என்றார். கொழுந்துக் கூடையோடு நின்ற இன்னும் இரண்டு பேர் அவரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை வந்தது. பஸீல் நானா வரவில்லை. பூனைகள் மட்டும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போயின.

அடுத்த செவ்வாய், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக் கடையடியில் அந்த மோட்டார் சைக்கிளை நிலக்ஷனா பார்த்தாள். பஸீல் நானா காலிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். வங்கியில் சொன்னதையும் பெரட்டில் சொன்னதையும் சொன்னாள்.

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"எத்தன வருஷமா அந்த மேட்டுல ஏறுறேன், மகள். நீங்க எடுத்தீங்களாண்டு ஒருத்தர்கூட என்கிட்ட கேக்கல்லயே. அண்டைக்கு வூட்டுக்குப் போயும் சோறு எறங்கல்ல."

நிலக்ஷனாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

"நீங்க திரும்ப வருவீங்களா, நானா?"

"பாப்பம்" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை காலை மேட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. இந்தத் தடவை யாருக்கும் கோபம் இல்லை. முதலில் போய் அவர் முகத்தைப் பார்க்க எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

நிலக்ஷனா சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அரைக் கிலோ சாளை கேட்டாள். அவர் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக அந்தோனியம்மா வந்து, விலையே கேட்காமல் இரண்டு கிலோ வாங்கினார். இவ்வளவு மீனை யார் சாப்பிடுவது என்று அவருடைய புருஷன் வீட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

பஸீல் நானா எல்லோரோடும் பேசினார். கெவினின் கன்னத்தைத் தட்டினார். முன்பெல்லாம் நிலக்ஷனாவைக் கண்டால் "என்ன, டீச்சரம்மா" என்று கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை. சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, போன காசில் கொஞ்சம் திரும்ப வந்தது. அடுப்படிக்கு இரண்டு தகரம் வாங்க மட்டும் அது போதுமாக இருந்தது. மற்றப் பக்கத்துக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். மழை பெய்யும் நாட்களில் அம்மா அடுப்பைப் புதுத் தகரம் போட்ட பக்கம் நகர்த்தி வைத்துச் சமைத்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹோர்ன் அடிப்பதற்கு முன்பே நிலக்ஷனா சட்டியோடு மேட்டில் போய் நின்றாள். நத்தார் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. பஸீல் நானா அவளைத் தூரத்திலேயே கண்டு வேகத்தைக் குறைத்தார்.

"மழையில நனையாம வீட்டு வாசல்ல நில்லுங்க, டீச்சரம்மா. நான் அங்க வாறேன்" என்றார்.