இனிக் கால் நோகாது

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடிப்படி விளக்கு எரிந்தது. கதவுக்குக் கீழே மஞ்சளாய் ஒரு கோடு விழுந்ததை லவினியா கண்டாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கீழே யாராவது சுவிட்சை அழுத்தினால் எல்லா மாடிக்கும் வெளிச்சம் வரும், இரண்டு நிமிடத்தில் ‘டக்’ என்று தானாக அணையும். ஆனால் தெருக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவை எவ்வளவு பக்குவமாகச் சாத்தினாலும் மூன்றாம் மாடியில் அவளுடைய தேநீர்க் கோப்பை ஒருமுறை அதிரும். இன்று அதிரவில்லை.

லண்டனில் பிறந்து வளர்ந்தவள். கொட்வினைக் கட்டி ஜேர்மனியில் எசன் நகருக்கு வந்து ஐந்து வருடமாகியும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டையும் பால் விட்ட தேநீரையும் விடாதவள். லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஒக்டோபர் கடைசியில் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதோடு இருட்டு மத்தியானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுகிறது. தெருவெல்லாம் நனைந்த இலை, வீடெல்லாம் ஈர உடுப்பு மணம். கொட்வின் பின்னேர வேலை முடிந்து வரப் பத்து மணியாகும். அதுவரை அவளும் மூன்று வயது மகள் ஜொவானாவும்தான். இடையில் இருக்கும் இரண்டு மாடிக்காரரும் ஏழு மணிக்கு முன் வீட்டுக்கு வருவதில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே ஐந்து மணி. லண்டன்காரரோடு கணினியில் கூட்டம் நடந்துகொண்டிருக்க, மஞ்சள் கோடு விழுந்தது. பிறகு காலடி. ஒரு படியில் ஒரு கால், அதே படியில் மற்றக் கால், நடுவே ஒரு நீண்ட மூச்சு, அடுத்த படி. முதலாம் மாடி வரை வந்து நின்றது. எந்தக் கதவும் திறக்கவில்லை. திரும்பி இறங்கிய சத்தமும் இல்லை.

அந்த நடையை லவினியாவுக்குத் தெரியும். கீழ் வீட்டுக் கமலநாயகி அக்கா தன் வாசலுக்கு முன்னால் இருக்கும் நாலு படியையும் அப்படித்தான் ஏறுவா. இருபத்தைந்து வருடம் ஹோட்டல் அறைகளைத் துடைத்து முழங்கால் தேய்ந்த மனுசி. தனிக்கட்டை. ஜொவானாவைக் கண்டால் முகம் மலரும், ஆனால் தடி பிடித்த கையால் பிள்ளையைத் தூக்க ஏலாது. “ஒருநாளைக்கு மடியிலை வைச்சிருக்க வேணும் பிள்ளை,” என்பா. “மேலை வாங்கோ அக்கா,” என்று லவினியா படியில் ஓடிக்கொண்டே சொல்லுவாள். “உந்தப் படி ஏற ஏலாது,” என்று பதில் வரும். கீழ் வீட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் இருக்க லவினியாவுக்கு ஒருநாளும் நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதுகூடப் பொய். அவள் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை, அக்காவின் செத்தவீட்டில், சவப்பெட்டிக்கு முன்னால் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. வெளிக்கிடும்போது குனிந்து, குளிர்ந்த கையைத் தொட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“இனிக் கால் நோகாதுதானே அக்கா. எங்கட வீட்டை வாங்கோ.”

மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் தங்கை மதுமதி அவளுடைய முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

“செத்தவீட்டிலை ஒருத்தரையும் அப்பிடிக் கூப்பிடக்கூடாது, லவினியா. ஒண்டும் சொல்லாமல்தான் வெளிக்கிட வேணும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையே?”

ஒருவரும் சொல்லித்தரவில்லை. லண்டனில் அவள் பழகியதெல்லாம், எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவது.

புதன்கிழமை காலடி இரண்டாம் மாடிக்கு வந்தது. இந்த முறை மணமும் வந்தது, கதவிடுக்கால் மெல்ல ஊர்ந்து, ஈர உடுப்பின் மணத்தை விலக்கிக்கொண்டு: அக்கா முழங்காலில் பூசும் தைலம். லவினியா கதவுக்குச் சங்கிலி போட்டாள். கொட்வினிடம் சொன்னபோது அவன் பழைய கட்டடம், தண்ணீர்க் குழாய் என்றான். அவளும் தலையாட்டினாள். பயத்தைக் கணவனுக்குப் புரியவைப்பதைவிடக் குழாயை நம்புவது சுலபம்.

வியாழக்கிழமை மகளைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது கீழ் வீட்டு வாசலைப் பார்த்தாள். அக்காவின் கறுப்புச் செருப்பு, இழுத்துப் பிரிக்கும் ஒட்டுப்பட்டி வைத்தது, செத்த நாளிலிருந்து அங்கேயே கிடந்தது. இன்று இல்லை. ஓடி மேலே ஏறி, சங்கிலியை மாட்டி, மதுமதிக்கு அழைத்தாள்.

“மதுமதி அக்கா, வாசலிலை கிடந்த செருப்பை நீங்கள் எடுத்தனீங்களோ?”

“இல்லையே. நாங்கள் சனிக்கிழமைதான் சாமான் எடுக்க வாறம்.”

மணி ஐந்து. மஞ்சள் கோடு விழுந்தது.

லவினியா எல்லாவற்றையும் சொன்னாள். மதுமதி குரலைத் தாழ்த்தினாள்.

“பயப்பிடாதையுங்கோ. வாயை மட்டும் திறக்காதையுங்கோ. வாசலிலை வந்து நிண்டாலும், வீட்டிலை இருக்கிற ஆக்கள் வாங்கோ எண்டு சொல்லாட்டி அவ உள்ளுக்கு வரமாட்டா. அக்கா மரியாதை தெரிஞ்ச மனுசி.”

காலடி முதலாம் மாடியைத் தாண்டியது. இரண்டாம் மாடியில் நிற்கவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை. நோவில்லாத கால்.

லவினியா கைபேசியை அணைத்தாள். இடது கையால் தன் வாயையே பொத்திக்கொண்டாள். கதவில் இருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். கடைசிப் படிகள். ஒன்று. இன்னொன்று.

டக்.

விளக்கு அணைந்தது. துளைக்கு அப்பால் கறுப்பு மட்டும். தைல மணம் மூக்கை எரித்தது. வாசல் கால்மிதி மேல் பாரம் ஒன்று அசைந்தது.

சர்ர்ர்.

ஒட்டுப்பட்டி பிரியும் சத்தம்.

சர்ர்ர்.

மற்றச் செருப்பு.

பிறகு ஒன்றுமில்லை. காத்திருக்கிறா. நல்ல மனுசி, காத்திருக்கிறா. லவினியா மூச்சை அடக்கினாள். போய்விடுவா. யாரும் கூப்பிடாவிட்டால் போய்விடுவா.

பின்னால் வெளிச்சம் ஆடியது. ஜொவானா. நவம்பரில் பிள்ளைகள் விளக்கேந்திப் போகும் மார்ட்டின் ஊர்வலத்துக்குப் பாலர் பாடசாலையில் செய்த கடதாசி விளக்கைக் கையில் பிடித்தபடி. வீட்டுக்கு யார் வந்தாலும் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று அம்மா ஒரு வருடமாகப் பழக்கியதை, பெருமையோடு, கதவைப் பார்த்துச் சொன்னாள்.

“வாங்கோ. உள்ளுக்கு வந்து இருங்கோ.”

லவினியா பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். பிந்திவிட்டது.

வெளியே விளக்கு மறுபடி எரிந்தது. துளையில் கண்ணை வைத்தாள். யாருமில்லை. கால்மிதியில் கறுப்புச் செருப்பு இரண்டும் அருகருகே, முனை அவளுடைய கதவைப் பார்த்தபடி.

வெறும் செருப்பு.

சங்கிலி மாட்டியபடியே இருந்தது.

கையில் பிடித்திருந்த பிள்ளை இல்லை. எப்போது நழுவினாள் என்று தெரியவில்லை. இருண்ட வரவேற்பறையில் பெரிய கதிரை முனகியது.

“ஜொவானா?”

கடதாசி விளக்குத் தரையில் கிடந்து எரிந்தது. அதன் வெளிச்சம் கதிரையின் பாதி வரைதான் எட்டியது. அதற்கு மேல் இருட்டு. தரையில் ஊன்றியபடி, வீங்கிய இரண்டு வெறுங்கால்கள். அவற்றுக்கு மேலே, தரையைத் தொடாமல், மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன மகளின் சின்னக் கால்கள்.