பதில் தட்டு

மத்தியானம்தான். ஆனாலும் கோத்தகிரியில் பனிமூட்டம் இறங்கி, தனசிங் மெக்கானிக்கின் பட்டறைக்கு எதிரே இருந்த சுவர்கூடத் தெரியவில்லை. பரமசிவன் காரை ஊர்ந்தபடி கொண்டுவந்து நிறுத்தினான். கைமாறி வந்த பழைய டீசல் கார். பின்சீட்டில் நிறைமாதத்தோடு அவன் மனைவி சின்னம்மை.

தலைப்பிள்ளை, எஸ்டேட் லாரி வருவதற்குள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே மூச்சில்லாமல் பிறந்தது. இலங்கையின் மஸ்கெலியாவை விட்டுக் கப்பலேறி வந்தபோது கையிலிருந்ததையெல்லாம் போட்டு அவன் கார் வாங்கியது வாடகைக்கு ஓட்ட மட்டுமல்ல. இந்தப் பிள்ளையாவது குன்னூர் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

"இந்தத் தட்டுற சத்தத்தால பாதி வழியில நின்னு போகுமாண்ணே? அதை மட்டும் சொல்லுங்க."

"டீசல் வண்டின்னா தட்டத்தானுங்க செய்யும். தாலாட்டா பாடும்?" சிரித்தபடி பானட்டைத் தூக்கினான் தனசிங்.

டக் டக்... டக்.

சிரிப்பு நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அந்தத் தட்டல் தன் போக்கிலேயே வந்தது. தனசிங் நீண்ட ஸ்குரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு சிலிண்டர்களுக்கு டீசல் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தான். கோளாறு உள்ள சிலிண்டருக்கு டீசல் நின்றால் சத்தம் அடங்க வேண்டும். எதிலும் அடங்கவில்லை. கடைசியில் நான்கையும் தளர்த்தினான்.

எஞ்சின் நின்றது.

டக் டக்... டக்.

பரமசிவனுக்கு அந்தத் தட்டல் தெரியும். லயத்தில் வலி கண்டவள் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சுவரை அப்படித்தான் தட்டுவாள். கேட்டவள் அதே மாதிரி திருப்பித் தட்டினால், வருகிறேன் என்று பொருள். பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் அப்புறம் போகாமல் இருக்கக்கூடாது. அப்படி வந்தவள் நாளைக்குத் தட்டினால், இவளும் போயாக வேண்டும்.

"ஏங்க," சின்னம்மை மெல்லக் கூப்பிட்டாள். "சத்தம் எஞ்சின்ல இல்ல. என் முதுகுக்குப் பின்னால."

தனசிங் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னியும் ஜாக்கியும் தவிர ஒன்றுமில்லை. சுட்ட வசம்பின் வாசனை மட்டும் குப்பென்று வந்தது, பிள்ளை பெற்ற வீட்டில் வருவது போல.

"முன்னால யாருங்க வெச்சிருந்தாங்க?"

"தெரியாதுண்ணே. கூடலூர்ல புரோக்கர்கிட்ட வாங்கினது."

அப்போது காருக்குள்ளிருந்து கேட்டது. சின்னம்மை விரலை மடக்கிச் சீட்டின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

"என்ன புள்ள செஞ்ச!"

"பழக்கத்துல கை தட்டிருச்சுங்க."

தட்டல் நின்றுபோனது. நட்டுகளை இறுக்கி ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. தனசிங் டிக்கிப் பக்கமே திரும்பாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வண்டி ஓடுமுங்க," என்றான். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்த வாரமே ஒரு சாயங்காலம் வலி கண்டது. கட்டபெட்டு தாண்டியதும் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. பரமசிவன் இறங்கி, ஹெட்லைட் வெளிச்சத்தில் இரு கைகளாலும் சேற்றை வாரித் தள்ளினான். பின்னால் சின்னம்மையின் அலறல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

பிறகு, பலமில்லாத விரல்களின் தட்டல்.

டிக்கியிலிருந்து பதில் வந்தது.

"வந்துட்டீங்களா அக்கா..." என்றாள் சின்னம்மை.

அவன் ஓடிவந்து கதவை இழுத்தான். திறக்கவில்லை. கண்ணாடி உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தது. கதவோடு அவன் போராடிக்கொண்டிருக்கையிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. உடனே கதவு தானாகத் திறந்துகொண்டது.

மிச்ச மண்ணையும் தள்ளி வழி உண்டாக்கிப் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜானகி பிள்ளையை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "தொப்புள்கொடியை யாருப்பா கட்டினது? கை பழகின வேலை. அந்தம்மா எங்க?"

கொடியைக் கட்டியிருந்தது, தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றிலிருந்து உருவிய ஒரு பிரி.

விடியும் நேரத்தில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். கார் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. வெளியே, பனிக்குள் நின்ற காரிலிருந்து அது வந்தது.

டக் டக்... டக்.

"அக்காவுக்கு வலி கண்டிருச்சு," தூக்கத்திலேயே முனகினாள் சின்னம்மை. "நான் போகணுங்க."

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை அசைந்தது. அதன் மூடிய கை, இரும்புக் கம்பியில் இரண்டு முறை பட்டது.

கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை.

வெளியே தட்டல் நின்றது.