ஒரு சாண் காற்று

குப்புவின் இழுப்புச் சத்தம் அன்று மத்தியானம் மீன்தொட்டிக்குள்ளிருந்து கேட்டது.

அமராவதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை கடலூர் முதுநகர் ஓடுகளின் மேல் விடாமல் பெய்து, பகலிலேயே கூடம் இருண்டு, சுண்ணாம்பும் ஈரத்துணியும் கெடிலம் ஆற்றுச் சேறும் கலந்த வாடை சுவரோடு சுவராக ஊறிக் கிடந்தது. அதற்குள் ‘ஹீ...’ என்று அந்தச் சத்தம், நெஞ்சுக்கூட்டில் பூனைக்குட்டி அடைபட்டதுபோல. நாலு வருஷமாகக் கேட்ட சத்தம் பெற்றவளுக்குத் தெரியாதா? கை தானாகத் தைலப் புட்டிக்குப் போனது. ஆனால் பாயில் குப்பு வாய் மூடி, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று பேர் வைத்தார்கள். அப்படியும் மழைக்காலம் வந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும்.

தொட்டி, அவள் புருஷன் கலியமூர்த்தி கட்டியது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர். கப்பல்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து அங்கே கொடுத்த மண்கட்டிக்குள் ஒரு மீன் மூன்று வருஷம் தூங்கியதாம். தண்ணீரில் போட்டதும் விழித்துக்கொண்டதாம். அறுத்துப் பார்க்க இருந்தவர்களிடம் கெஞ்சி வாங்கி வந்தான். காகிதத்தில் கோடு போட்டு, எட்டு ஞாயிற்றுக்கிழமையில் தொட்டியைக் கட்டினான். ஆறடி நீளம். மூன்று பக்கம் சிமெண்டு, முன்னால் கண்ணாடி. அடியில் ஒரு முழம் சேறு, அதன் மேல் ஒரு முழம் தண்ணீர். சேற்றுமட்டத்தில் கட்டை அடைத்த வடிகால். மேலே கம்பிவலை மூடி.

“மூடிக்குக் கீழ ஒரு சாண் காத்து விடணும் புள்ள. மேல வந்து மூச்சு வாங்கலன்னா இது செத்துப்பூடும்.”

“மீனு தண்ணியில மூச்சு முட்டிச் சாவுமா? தேவனாம்பட்டினத்துல போயி சொல்லிடாதீங்க, எங்கப்பாரு வலைய கீழ போட்டுட்டு சிரிப்பாரு. மூணு வருசம் தூங்குச்சாம்ல! உங்களுக்குத் தம்பி முறையா இருக்கும்.”

“சிரி, சிரி. ஒருநாளு பாக்கத்தான் போற.”

மீன் வந்த வாரமே குப்புவுக்கு இழுப்பு குறைந்தது. அமராவதி அம்மனுக்குப் படையல் போட்டாள்.

இப்போது முறத்தை வைத்துவிட்டுத் தொட்டியருகே போனாள். கண்ணாடிக்குப் பின்னால், விலாங்குபோல் நீண்டு, நூல்நூலான துடுப்பு அசைய அது மெல்ல எழுந்து, அந்த ஒரு சாண் காற்றில் வாயைத் திறந்தது. ஹீ... பாயில் குப்புவின் நெஞ்சு ஏறி இறங்கியது. மீன் அமிழ்ந்தது. நெஞ்சு நின்றது.

அமராவதி எண்ணினாள். இருபது. அறுபது. பிள்ளையின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். காற்றில்லை. நூறு. மீன் எழுந்தது. அப்போதுதான் பிள்ளையும் மூச்சு வாங்கினாள்.

மறுபடி எண்ணினாள். நூற்று ஐம்பது.

மறுபடி. இருநூறு.

“அமராவதி! வெள்ளாத்துல வெள்ளமாம், ரயிலு நின்னுப்போச்சு! உங்க வூட்டுக்காரரு இப்ப வரமாட்டாரு!” பக்கத்து வீட்டு ராஜாமணி தெருவிலிருந்தே கத்திவிட்டு ஓடினாள்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு மீனைக் கொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் மூச்சைப் பிடித்து வைத்திருக்கும் இதைத் தொட அவளுக்குத் துணிவில்லை. தொடவும் வேண்டாம். தண்ணீரை எடுத்துவிட்டால் போதும்.

கட்டையைப் பிடுங்கினாள். தண்ணீர் முற்றத்துக்கு ஓடியது. மீன் துள்ளவில்லை. சேற்றைக் கடித்துக் கடித்து உள்ளே இறங்கியது. கடைசியாக வால் மறைந்தது.

“ம்மா, பசிக்குது.”

குப்பு எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். அமராவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மழை விட்டது. வெயில் ஏறியது. தொட்டியில் சேறு இறுகி வெடித்தது. குப்பு மத்தியானம் தூங்கினாள். அடுத்த நாள் சாயந்திரமும் தூங்கினாள். தோல் வறண்டிருந்தது, நல்லெண்ணெய் தடவிவிட்டாள். தூங்கட்டும். எத்தனை ராத்திரித் தூக்கம் பாக்கி, பாவம். ஆறாம் நாள் காலை பிள்ளை எழவில்லை. அவளும் பக்கத்திலேயே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது உச்சிவெயில். சத்தமே இல்லை.

போர்வையை விலக்கினாள்.

குப்பு சுருண்டிருந்தாள். வட்டமாக. முழங்கால் முகவாயில் முட்ட, பாதங்கள் கண்ணை மூட. எந்தப் பிள்ளையும் அப்படி மடங்காது. உடம்பு முழுக்க வெங்காயச் சருகுபோல ஒரு பழுப்பு ஏடு. காய்ந்து. ஒட்டி. நகத்தால் கிழித்தாள். அடியில் ஈரமாக இன்னொன்று.

வாய் இருந்த இடத்தில் சின்ன ஓட்டை.

தொட்டியைப் பார்த்தாள். வெடித்த சேற்றில் அதே அளவு ஓட்டை.

மூணு வருசம் தூங்குச்சாம்ல.

குப்புவின் வாய் ஓட்டையில் விரலை வைத்தாள். எண்ணினாள். முந்நூறு. நானூறு.

தெருக்கதவு தடதடத்தது.

“அமராவதி! ரயிலு விட்டுட்டான்! கதவத் திற!” கலியமூர்த்தியின் குரலில் சிரிப்பு இருந்தது. “குப்பு எங்க? இழுப்புச் சத்தமே காணுமே, நல்லாயிடுச்சா?”

ஐந்நூறு.

விரல் நுனியில் நூலளவு காற்று பட்டது. குளிர்ந்த காற்று. சேற்று வாடை.

அதே நொடியில் தொட்டி ஓட்டையிலிருந்து துளி புழுதி மெல்ல எழுந்தது.