சாவியில்லாத ஜீப்

மூன்று வருஷமாக வாயே திறக்காமல் கிடந்த அப்பாவின் ஜீப், அந்தச் சனிக்கிழமை காலையில் ‘டமால்’ என்று ஒரு வெடி வெடித்தது. கரும்புகை கக்கியது. பிறகு ‘டகடகடக’ என்று ஓடத் தொடங்கியது.

“ஓடுது! கல்யாணி, வண்டி ஓடுது!”

அப்பா குதித்த குதியில் கையிலிருந்த ஸ்பேனர் பறந்துபோய் ரோஜாத் தொட்டிப் பக்கம் விழுந்தது. அம்மா கல்யாணி கரண்டியும் கையுமாக வெளியே ஓடி வந்தார்.

அப்பாவின் பெயர் பழனிசாமி. திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்துவிட்டால் வெளிநாட்டு ஊரான லிட்கமில், வீட்டு கராஜில் ஜீப் வேலை. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ ஜீப். வாங்கி வந்தபோது துருப்பிடித்த தகரமும் ஒரு பெட்டி நிறைய நட்டு போல்ட்டும்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேய்த்து, மாட்டி, போன வாரம்தான் பழைய ராணுவப் பச்சையை அடித்து முடித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய ராணுவ வண்டிகளின் கண்காட்சி. அதற்கு ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை.

பத்து வயது அக்ஷராவுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. “ராகவியைக் கூப்பிடறேன்!” என்று வேலிப் பக்கம் ஓடினாள்.

ராகவி பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பள்ளிக்கு ஒன்றாகவே நடந்து போவார்கள், மத்தியானச் சாப்பாட்டைப் பாதி பாதி மாற்றிக்கொள்வார்கள். அக்ஷராவுக்கு அந்தத் தெருவில் வேறு சிநேகிதியே கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராகவியின் அம்மா இரஞ்சிதம் ஆன்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்தாரோ இல்லையோ, கையிலிருந்த ஈரத் துணி அப்படியே மண்ணில் விழுந்தது.

“ஆமி! ராகவி, உள்ளுக்கு வா! கெதியா வா!”

கதவு ‘டப்’பென்று சாத்திக்கொண்டது. ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மூடின. அரை நிமிஷத்தில் அது ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது.

அக்ஷரா பேந்தப் பேந்த விழித்தாள். ஆமியா? அப்படியென்றால்?

ஆன்ட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவர் பேசும் தமிழே வேறு மாதிரி. நாற்காலியைக் கதிரை என்பார். சமையலறையைக் குசினி என்பார். சீக்கிரம் என்பதற்குக் கெதியா. அப்படியானால் ஆமி என்பது... ஆமை!

‘கண்டுபிடிச்சுட்டேன்! ஆன்ட்டி ஆமையைப் பார்த்துப் பயந்துட்டாங்க!’

ஜீப்புக்கு அடியில் படுத்துத் தேடினாள். ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் தேடினாள். அப்பாவின் ஸ்பேனர் கிடைத்தது. ஆமை கிடைக்கவில்லை.

“அப்பா, இங்கே ஆமையைப் பார்த்தீங்களா?”

“என்ன நக்கலா? மெதுவாத்தான் போகும். ஆனா போகும்!” என்று அப்பா ஜீப்பைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் ஒரு கீரைக்கட்டை வைத்துக் காவல் காத்தாள். ஆமையும் வரவில்லை, ராகவியும் வரவில்லை. மாலையில் அம்மா, “கூட்டுக்கு வெச்சிருந்த கீரை எங்கேடி?” என்று வீடு முழுக்கத் தேடினார்.

திங்கட்கிழமை ராகவி காரில் பள்ளிக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில்தான் அக்ஷராவால் அவளைப் பிடிக்க முடிந்தது.

“நாங்கள் வேறை வீட்டுக்குப் போகப்போறம்போல” என்றாள் ராகவி தலையைக் குனிந்துகொண்டு. “அம்மா அப்பாட்டை வீடு பாக்கச் சொல்லிப்போட்டா.”

அக்ஷராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒரு ஆமைக்காக வீட்டையே மாத்துவீங்களா? நானே அதைப் பிடிச்சுத் தூரமா விட்டுடறேன்!”

“எந்த ஆமை?”

“உங்கம்மா கத்துனாங்களே, ஆமி, ஆமின்னு!”

ராகவிக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“ஆமை இல்லை, ஆமி. ஆர்மி! சோல்ஜர்ஸ்!” என்றாள். “அம்மாவுக்கு ஒரு அண்ணா இருந்தவர். ஊரிலை சண்டை நடந்த நேரம், இப்பிடி ஒரு பச்சை ஜீப்பிலை வந்துதான் அவரை ஏத்திக்கொண்டு போனவங்களாம். பிறகு அவர் வரவே இல்லை.”

“ஆனா... இது எங்கப்பாவோட ஜீப்தானே?”

“அது அம்மாவுக்கும் தெரியும். ஆனா சத்தம் கேட்டா தாங்கேலாது எண்டு சொல்றா. எந்த நேரம் ஸ்டார்ட் பண்ணுவினமோ எண்டு நாள் முழுக்கக் காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறா.”

அன்று இரண்டு பேரும் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பிடவே இல்லை.

வீட்டுக்குத் தனியாக நடந்தபோது அக்ஷராவுக்கு மண்டை குழம்பியது. யார் மேல் கோபப்படுவது? அப்பா தப்பு செய்யவில்லை. ஆன்ட்டியும் தப்பு செய்யவில்லை. பாவம், ஜீப்பும் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் ராகவி போகப்போகிறாள். கண் கரித்துக்கொண்டு வந்தது.

‘எந்த நேரம் ஸ்டார்ட் பண்ணுவினமோ’ என்று ராகவி சொன்னது மட்டும் மனதிலேயே சுற்றியது. அக்ஷராவுக்கு ஊசி என்றால் பயம். ஆனால் நர்ஸ், “நீ சரின்னு சொன்னப்புறம்தான் போடுவேன்” என்றால் பயம் பாதி போய்விடும். அப்படியென்றால் ஜீப்புக்கும் ஆன்ட்டிதான் சரி சொல்ல வேண்டும்!

“அப்பா, ஜீப் சாவி எங்கே?”

“இதுக்குச் சாவியே கிடையாது, சாமி. சுவிட்சைத் திருப்பிட்டுக் கீழே பட்டனை மிதிச்சாப் போதும்.”

போச்சு! அக்ஷராவின் யோசனை அங்கேயே படுத்துவிட்டது. “அப்ப யாராவது திருடிட்டுப் போயிட்டா?”

அப்பாவுக்கு ஜீப்பைப் பற்றி யாராவது கேட்டால் போதும். பானெட்டைத் திறந்தார். எஞ்சின் பக்கத்திலிருந்த ஒரு கறுப்பு மூடியின் கிளிப்பைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து கட்டைவிரல் அளவுச் சாமான் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்.

“இதுக்குப் பேரு ரோட்டர். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கு போட்டுக் குடுக்கறது இதுதான். இதைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டா வண்டி அசையாது. அந்தக் காலத்துச் சிப்பாய்ங்க அப்படித்தான் பண்ணுவாங்களாம்.”

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அக்ஷரா அந்த ரோட்டரைக் கழற்றினாள். அப்பாவிடம் சொல்லத்தான் போனாள். அவர் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். “அப்புறம்” என்று கையைக் காட்டினார். அந்த அப்புறம் வரவே இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அக்ஷராவுக்கு மறந்துபோனது.

“ஆன்ட்டி, இது இல்லேன்னா ஜீப் ஸ்டார்ட்டே ஆகாது. இது உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே நீங்க குடுத்தாத்தான் ஓடும்.”

“எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. அப்பா தந்துவிட்டவரோ?”

“இல்ல ஆன்ட்டி. நானேதான்.”

இரஞ்சிதம் ஆன்ட்டி அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “அவ்வளவு பெரிய வாகனம், இந்தச் சின்னத் துண்டு இல்லாட்டி ஓடாதோ?”

“ஓடவே ஓடாது. வேணும்னா தள்ளலாம்.”

ஆன்ட்டி கையை மூடிக்கொண்டார். கதவையும் மூடிக்கொண்டார். செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் அக்ஷரா வீட்டுக்குத் திரும்பினாள்.

ஆனால் வியாழக்கிழமை அந்த வீட்டில் ஒரு ஜன்னல் திரை விலகியது. வெள்ளிக்கிழமை கொடியில் துணி காய்ந்தது. சனிக்கிழமை அப்பா ஜீப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கியதோடு சரி, ஸ்டார்ட் செய்யவில்லை.

கண்காட்சி நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ஜீப்பில் ஏறினார். அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

‘கிர்ர்... கிர்ர்...’ ஜீப் இருமியது. ஓடவில்லை.

அப்பா பெட்ரோலைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க? எலுமிச்சம்பழம் நல்ல பழம்தான்!” என்றார் அம்மா.

கடைசியில் அந்தக் கறுப்பு மூடியைத் திறந்தவர் அலறினார். “ரோட்டர் எங்கே?”

“நான்தான் எடுத்தேன்ப்பா” என்றாள் அக்ஷரா. அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னாள். ஆமையைத் தேடியதை, ஆமி என்றால் என்னவென்று தெரிந்ததை, ஆன்ட்டியின் அண்ணாவை, ராகவி போகப்போவதை.

அப்பா ஜீப்பின் முன்பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தோணவே இல்லையே, சாமி” என்றார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வேலியருகே போனார். இரஞ்சிதம் ஆன்ட்டியும் ராகவியும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க” என்றார் அப்பா. “இன்னைக்கு வண்டியை எடுக்கலேன்னாலும் பரவாயில்லீங்க. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“நான் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான், அண்ணை” என்றார் ஆன்ட்டி. “நீங்களும் எத்தினை தரம் போட்டுப் பாத்தியள்! அது ஓடேல்லை. அந்தத் துண்டு என்ரை கையிலை எல்லோ இருக்கு.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ரோட்டரை அக்ஷராவின் கையில் வைத்தார். “கொண்டுபோய்ப் பூட்டுங்கோ.”

“பூட்டறதா? இதுக்குப் பூட்டே இல்லீங்களே!” என்று அப்பா விழித்தார்.

“மாட்டச் சொல்றா, அங்கிள்!” என்று ராகவி சிரித்தாள்.

அக்ஷரா மாட்டினாள். அப்பா ஏறி உட்கார்ந்து, சுவிட்சில் கையை வைத்தபடி ஆன்ட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி ராகவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

“ம். இப்ப போடுங்கோ.”

‘டகடகடக’ என்று ஜீப் ஓடியது. ஆன்ட்டியின் தோள் ஒருதரம் துள்ளியது. ஆனால் அவர் உள்ளே ஓடவில்லை. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

“பின்னேரம் வந்த உடனை கழட்டிக்கொண்டு வந்து என்னட்டைத் தரோணும். மறந்திடாதேங்கோ!”

“அப்ப நாங்கள் வேறை வீட்டுக்குப் போகேல்லையோ, அம்மா?” என்றாள் ராகவி.

“நாங்கள் போனால் அதை ஆர் வைச்சிருக்கிறது?”

மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சியிலிருந்து திரும்பிய அப்பா, வீட்டுக்குள் கூடப் போகாமல், கழற்றிய ரோட்டரோடு நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.