அச்சகத்து நிலவறையில் தண்ணீர்

1934 டிசம்பரில் ஒரு காலை, ஜொகூர் பாருவில் அச்சகம் நடத்திவந்த ஸ்டானிஸ்லாஸ், ஓய்வுபெற்ற போலீஸ் துப்பறிவாளர் வீரமுத்துவைத் தேடி வந்தார்.

"என் நிலவறையில முழங்கால் அளவு தண்ணிங்க. எல்லாம் கொத்தனார் சின்னத்தம்பி போட்ட வடிகாலால வந்தது. கண்டிராக்டர்கிட்ட சொல்லி அவன வேலைய விட்டு நிறுத்திட்டேன். என் சம்சாரம்தான் நம்பமாட்டேங்கிறா. நீங்க வந்து சொன்னா நம்புவா."

வீரமுத்துவின் நண்பர் அர்ச்சுனன், மருந்துக்கடைக் குமாஸ்தா, அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்.

அச்சகமும் வீடும் ஒன்றாக இருந்த கட்டடம் மலைச்சரிவில் இருந்தது. ஆறு வருடமாக ஸ்டானிஸ்லாஸ் நிலவறைச் சுவரில் சிமெண்டு பூசிப் பூசிப் பார்த்தும் ஈரம் நிற்கவில்லை. போன வருடம் வந்த சின்னத்தம்பி சுவரைத் தொடவே இல்லை. மேட்டுத் தண்ணீர் வீட்டை நெருங்கும் முன்பே மறிக்கவேண்டும் என்றார். பின்முற்றத்தின் குறுக்கே பள்ளம் வெட்டி, துளையுள்ள மண்குழாயும் சரளைக்கல்லும் போட்டு மூடி, தண்ணீரைத் தெருக் கால்வாயில் விட்டார். போன மழைக்காலம் முழுதும் நிலவறை காய்ந்து கிடந்தது.

இப்போது தையல் இயந்திரம் தண்ணீரில் நின்றது. காகிதக் கட்டுகள் மட்டும் உயரப் பலகையில் நனையாமல் இருந்தன.

"இத எப்ப மேல ஏத்துனீங்க?" என்றார் வீரமுத்து.

மனைவி கெர்ட்ரூட் பதில் சொன்னாள். "சனிக்கிழம இவருதான் ஏத்துனாரு. மழை ஞாயித்துக்கிழமதான் வந்துச்சு. சின்னத்தம்பியண்ணன் வேலை கெட்டுப்போகாதுங்க. எவ்வளவு கெட்டிக்காரரு."

ஸ்டானிஸ்லாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் குழாயின் தெருப்பக்க வாயில் ஒரு சொட்டு வரவில்லை. முற்றத்தில் ஓரிடத்தில் மட்டும், அண்மையில் பெயர்த்து வைத்ததுபோல், புல் வாடி மஞ்சளாகியிருந்தது. நண்பர்கள் இருவரும் தனியாக அங்கே தோண்டிப் பார்த்தார்கள். பிறகு கைகழுவிவிட்டு, சின்னத்தம்பியை வரவழைத்து எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார்கள்.

"குழாய்ல அடைப்பு இருக்கு," என்றார் வீரமுத்து.

"நான் சொல்லல? சாக்க உள்ள திணிச்சு மூடியிருக்கான்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அடைப்புன்னுதான் சொன்னேன். மண்ணா, வேரா, சாக்கான்னு நான் சொல்லலையே. உள்ள சாக்கு இருக்கிறது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அப்புறம் வெச்சவருக்கு."

அர்ச்சுனன் திகைத்தார். "வீட்டுக்காரரேவா?"

"ஒரு வருஷமா காஞ்சு கெடந்த அறையில, மழைக்கு முந்தின நாளே காகிதத்த ஏத்துறவருக்குத் தண்ணி வரப்போறது தெரிஞ்சிருக்கணும்."

 ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தே பேசினார்.

"ஒவ்வொரு மழைக்கும் அவன் பேருதான் சொல்லுவ. ஆறு வருஷம் ராப்பகலா நான் பூசுன சுவத்தப் பத்தி ஒரு வார்த்த சொன்னியா?"

கெர்ட்ரூட்டின் கண் கலங்கியது. "சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்காக ஒருத்தரு பொழப்பக் கெடுப்பீங்களா?"

சின்னத்தம்பி தலைகுனிந்தே இருந்தார். "கண்டிராக்டர்கிட்ட உண்மைய சொன்னா போதும்யா," என்றார்.

கண்டிராக்டரைப் பார்க்கப் போக ஸ்டானிஸ்லாஸ் எழுந்தார். வீட்டில் இருந்த ஒரே குடையைக் கெர்ட்ரூட் அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் இதுலயே போங்க. நீங்க புடிங்க."

தெருமுனை திரும்பும்வரை அவர் குடையைச் சின்னத்தம்பியின் பக்கமே சாய்த்துப் பிடித்துப் போனார். அவருடைய வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது.